புடன்புரூக் குடும்பத்தின் பேரேடு

போல்டிக் கடலையடுத்த லூபெக் நகரத்தில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள், விசித்திரமான ஒரு பட்டியல் கைக்குக் கை மாறி உலவியது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு நாவலில் வரும் பாத்திரங்களின் பெயர்கள் இருந்தன. மறுபக்கத்தில் அந்நகரத்தில் வாழ்ந்து மறைந்தவரும், இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தவருமான மனிதரின் பெயர்கள் இருந்தன. இன்ன பாத்திரம் இன்னார்தான் என்று அறிந்துகொள்ளும் ஆவலினாலேயே பலர் அந்நூலைத் தேடி வாசித்தனர். அயலவரின் பெயரைக் கண்டபோது சிரித்தவர்கள், தம் உறவினரின் பெயரைக் கண்டபோது முகம் சுளித்தனர். நகரத்துப் பெருங்குடியினருள் மனம் நிறைந்து நேசிக்கத்தக்கவராக ஒருவரையேனும் இந்த இளைஞன் காட்டவில்லையே என்பது அவர்களின் முறைப்பாடு.

அந்த நாவல் ‘புடன்புரூக் குடும்பம்’. அதனை எழுதிய தோமஸ் மான் லூபெக் நகரத்துப் பிள்ளை. 1901 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 25. நான்கு தலைமுறைகளின் கதை அது. 1835 ஆம் ஆண்டில் தொடங்கி 1877 இல் முடிகின்றது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி என்பது அதற்கு ஆசிரியர் இட்ட துணைத் தலைப்பு. ஆகவே, முடிவு யாது என்பதை வாசகர் முதற் பக்கத்தைத் திறக்கும் முன்னரே அறிந்துவிடுகின்றனர். லூபெக் மக்களின் முறைப்பாடோ அந்நகரத்தோடு நின்றுவிடவில்லை. இத்துணைப் பெரிய நூலில் அன்பு செலுத்துவதற்கு ஓர் ஆளைக் காணோமே என்று இடைவழியில் மூடிவைப்போர் எல்லா நாடுகளிலும் உளர். அவர்கள் கேட்கும் கேள்வி அற்பமான கேள்வியன்று.

மான் குடும்பத்தின் தானிய வாணிக நிறுவனம் 1790 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நூறாண்டு கண்ட அந்நிறுவனத்தின் தலைவராகவும், நகரசபையின் செனற்றராகவும் விளங்கிய நாவலாசிரியரின் தந்தையார் 1891 ஆம் ஆண்டு காலமானார். தம் புதல்வர் எவரும் தொழிலை நடத்தவல்லவர் அல்லர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நிறுவனத்தைக் கலைத்துவிடுமாறு இறுதி விருப்பாவணத்தில் எழுதிவைத்துச் சென்றார். பிரேசில் நாட்டிலே பிறந்தவரான தாயார், இளைய பிள்ளைகளுடன் தென் ஜேர்மனியிலுள்ள முனிச் நகரத்திற்குக் குடிபெயர்ந்தார். பள்ளிப் படிப்பை அரைகுறையாக முடித்துக்கொண்டு மகனும் 1894 ஆம் ஆண்டில் அங்கே சென்று சேர்ந்தார். ஒரு வணிகக் குடியின் முடிவை இளமையில் அண்மையிலிருந்து கண்டவர் அவர். அந்த முடிவிற்குத் தாமும் ஒரு காரணம் என்பதை உணர்ந்தும் இருந்தவர்.

1897 ஆம் ஆண்டு, தமையனார் ஹைன்றிச் மானோடு இத்தாலியில் தங்கியிருந்த காலத்திலே நாவலின் வேலை தொடங்கியது. குடும்பத்தின் கடைசிக் கொழுந்தாகிய ஒரு மெல்லிய சிறுவனைப் பற்றிய சிறு நாவலொன்றை எழுதுவதே முதல் எண்ணம். ஆயின், அச்சிறுவன் ஏன் அவ்வாறு ஆனான் என்று காட்டத் தந்தையின் கதை வேண்டியதாயிற்று. தந்தையைக் காட்டப் பாட்டனார் வேண்டியதாயிற்று. அவ்வாறு பின்னோக்கிச் சென்ற கதை பெருங்கதையாயிற்று. அதற்கான செய்திகளை மான் கற்பனையிலிருந்து மட்டும் பெறவில்லை. தானிய விலை, நாணயம், நகரத்து வழக்கங்கள் முதலியவற்றைப் பற்றி வில்ஹெல்ம் மார்ட்டி என்னும் உறவினருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, விடை பெற்றுக்கொண்டார். தந்தையின் தமக்கை எலிசபெத்தின் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி தங்கை ஜூலியாவைக் கேட்டார். அவ்விளம்பெண் அனுப்பிய நீண்ட கடிதத்தின் பல செய்திகள் நாவலில் ஏறின. குடும்பத்துக்குள்ளே தாழ்ந்த குரலிற் பேசப்பட வேண்டியவை அவ்வாறு அச்சேறின.

1900 ஆம் ஆண்டில் எழுதி முடித்த கைப்பிரதிக்கு வேறு படி இல்லை. தாளின் இரு பக்கமும் எழுதப்பட்டிருந்த அந்தப் பொதியை 1,000 மார்க்குக் காப்புறுதி செய்து அனுப்பியபோது, அஞ்சலகத்து எழுதுநர் புன்னகை புரிந்தார் என்று மான் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பெர்லின் பதிப்பாளர் சாமுவேல் பிஷர் நூலைப் பாதியாகக் குறைக்கும்படி கேட்டார். அப்பொழுது இராணுவப் பயிற்சியிலிருந்த மான், கால்நோயினால் படைமருத்துவமனையில் கிடந்தார். அந்த நீளமே இந்நூலின் இன்றியமையாத பண்பு என்று படுக்கையிலிருந்தே கடிதம் வரைந்து மறுத்தார். பதிப்பாளர் இணங்கினார். இரண்டு பாகமாக, ஏறத்தாழ 1,100 பக்கத்தில், 1,000 பிரதி அச்சாயிற்று. விலை அதிகம், விற்பனை மந்தம். 1903 ஆம் ஆண்டு ஒரே பாகமாக மலிவு விலையில் வந்த பின்னரே நாடெங்கும் அது வாசிக்கப்படலாயிற்று.

பிஷர் சொன்னபடி நூல் பாதியாகியிருந்தால் எஞ்சியிருப்பவை பிறப்பும் மணமும் இறப்புமே. கணக்குப் பார்க்கும் இடங்கள் போயிருக்கும். இந்நாவலின் உயிர் அந்த இடங்களிலேதான் இருக்கின்றது.

1835 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து மாலை ஒன்றில், மெங் வீதியிற் புதிதாக வாங்கிய பெருவீட்டில் நடைபெறும் விருந்தோடு கதை தொடங்குகின்றது. உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; விருந்தினர் நகைச்சுவையாகப் பேசுகின்றனர். அவ்வீட்டின் முந்திய உரிமையாளர் எவ்வாறு நொடித்துப்போயினர் என்ற பேச்சும் இடையே எழுந்து மறைகின்றது. விருந்தினர் சென்ற பின்னர், விளக்குகள் அணையும் வேளையில், கிழவர் யொஹானும் அவர் மகனும் ஒரு கடிதத்தைக் கையில் வைத்து நிற்கின்றனர். முதல் தாரத்து மகன் கோட்ஹோல்ட், தந்தையின் விருப்பத்திற்கு மாறாகக் கடைக்காரப் பெண்ணை மணந்தவன், வீட்டில் தனக்குரிய பங்கைக் கேட்டு எழுதியுள்ளான். இளைய யொஹான் பக்திமான். எதற்கும் இறைவனை அழைப்பவர். சகோதரப் பகை வீட்டின் சுவரில் விழுந்த வெடிப்புப் போன்றது என்று அவர் நெஞ்சம் சொல்கின்றது. தமையனுக்குக் கொடுத்துவிடலாம் என்று வாய் திறக்கும் தறுவாயில், தொகையை மனத்தில் கணக்கிட்டுப் பார்க்கிறார். பின்னர், கொடுக்க வேண்டாம் என்று தந்தைக்கு ஆலோசனை சொல்கிறார். அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. உறக்கத்திற்கு முன் அவர் செய்யும் வழிபாடும் போலியன்று. ஆயினும் வழிபாடும் கணக்கும் எதிர்ப்பட்டபோது கணக்கு வென்றது.

இவ்வாறு வென்ற கணக்கிற்கு விலை கொடுப்பவள் அவருடைய மகள் டோனி. 18 வயதில் அவளை மணம் பேசி வருகிறான் ஹம்பேர்க் நகரத்து வணிகன் கிறூன்லிச். தங்க நிறத் தாடியும், தேனொழுகும் பேச்சும், பெற்றோருக்கு முன் பணிவும் உடையவன். டோனி அவனை வெறுக்கிறாள். மனம் தேறி வரட்டும் என்று அவளைத் திறாவெமுண்டே என்னும் கடற்கரைக்கு அனுப்புகின்றனர். அங்கே கப்பல் வழிகாட்டி ஒருவரின் மகனாகிய மோர்ட்டன் என்னும் மருத்துவ மாணவனைச் சந்திக்கிறாள். அவன் அவளுக்கு உரிமையைப் பற்றியும் குடியாட்சியைப் பற்றியும் பேசுகின்றான். அவள் தேன்கூட்டுத் தேனின் சுவையைப் பற்றிப் பேசுகின்றாள். சில வாரங்கள் மாத்திரமே நீடித்த அந்த நட்பு நூல் முழுவதிலும் காற்றோட்டமுள்ள ஒரே இடம். தந்தையின் கடிதம் வருகின்றது. நாம் தனித்தனி மனிதர் அல்லர், ஒரு சங்கிலியின் வளையங்கள் என்பது அக்கடிதத்தின் கருத்து. வீட்டிற்குத் திரும்பிய டோனி ஒரு நாள் காலையில் குடும்பக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கிறாள். பாட்டன் முப்பாட்டனின் பிறப்பும் நோயும் மணமும் எழுதப்பட்ட ஏடு அது. தன் பெயரும் அதில் இருக்கக் கண்டு பெருமிதத்தால் நெஞ்சு விம்ம, எழுதுகோலை எடுத்துத் தனக்கும் கிறூன்லிச்சுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று என்று தன் கையாலேயே எழுதிவிடுகிறாள்.

சீதனம் 80,000 மார்க். நான்கு ஆண்டுகளில் கிறூன்லிச் வங்குரோத்து அடைகிறான். அவன் மணம் புரிந்ததே கடன்காரரின் வாயை அச்சீதனத்தால் அடைப்பதற்காகத்தான் என்றும், அவனைப்பற்றி நற்சான்று சொன்னவர்கள் அவனுக்குக் கடன் கொடுத்தவர்களே என்றும் அப்போதுதான் தெரியவருகின்றது. தந்தை மகளிடம் ஒரு கேள்வி கேட்கிறார். கணவனை நேசித்து அவனோடு வறுமைக்குள் செல்ல விரும்புகின்றாயா? விரும்பினால் அவனைக் காப்பாற்றுவது தந்தையின் கடமையாகும், பெருந்தொகை போய்விடும். அவள் நேசிக்கவில்லை என்கிறாள். தந்தையின் நெஞ்சில் ஆறுதல் பிறக்கின்றது. மகளிடம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணீர் விடுகிறார், அக்கண்ணீர் உண்மையானது. நிறுவனத்தின் பணம் தப்பியது என்ற ஆறுதலும் உண்மையானதே.

நாவலின் இவ்விடத்தில் வாசகரின் நிலை நுட்பமானது. பணத்துக்காக மகளைக் கொடுத்த தந்தையை அவர் சற்று முன்தான் வெறுத்திருந்தார். இப்பொழுது கிறூன்லிச்சுக்கு ஒரு காசும் போகக்கூடாது என்று தாமும் விரும்பித் தந்தையோடு சேர்ந்து மூச்சு விடுகிறார். இவ்வளவு பக்கங்களாக அக்குடும்பத்தின் மேசையில் அமர்ந்திருந்ததனால், அதன் நலமே வாசகரின் நலமாகிவிட்டது. குணசீலன் ஒருவனைக் கதை நாயகனாக வைத்திருந்தால் இது நிகழ்ந்திராது. நல்லவனோடு சேர்ந்து நாமும் நல்லவர் என்று வாசகர் எண்ணிக்கொண்டு போயிருப்பார். புடன்புரூக் குடும்பத்தோடு சேர்ந்திருப்பதனால் தம்முள்ளேயும் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பதைக் காண்கிறார். நூலை மூடிவைப்போர் பலர் பாத்திரங்களின் மேலுள்ள வெறுப்பினால் மூடுவதில்லை; இந்தத் தோழமையின் கூச்சத்தினாலே மூடுகின்றனர் என்று கருத இடமுண்டு.

டோனி பின்னும் ஒருமுறை மணம் புரிகின்றாள். முனிச் நகரத்துக் கணவனோ சீதனத்தின் வட்டியே போதும் என்று தொழிலைக் கைவிட்டுச் சுகமாக இருக்கின்றான். அதுவும் முறிகின்றது. அவளுடைய மகளை மணந்த காப்புறுதி நிறுவனத்து அதிகாரி மோசடிக் குற்றத்திற்காகச் சிறை செல்கிறான். இத்தனைக்கும் பிறகும் குடும்பப் பெருமையைச் சற்றும் குறைத்துக்கொள்ளாத டோனியைக் கண்டு சிரிப்பதா இரங்குவதா என்று முடிவு செய்ய மான் வாசகருக்கு உதவுவதில்லை.

அவளுடைய தமையன் தோமஸ் மூன்றாம் தலைமுறை. பூக்கடையில் வேலை செய்யும் அன்னா என்னும் ஏழைப் பெண்ணை நேசித்து, நிறுவனத்தின் பொருட்டு அவளைக் கைவிட்டவன். அம்ஸ்ரர்டாம் நகரத்துச் செல்வர் மகளும் வயலின் இசையில் தேர்ந்தவளுமான கேர்டாவைப் பெருஞ்சீதனத்தோடு மணக்கிறான், செனற்றராகின்றான், புதுவீடு கட்டுகிறான். அவனுடைய உடைகள் மட்டும் மேலும் மேலும் துப்புரவாகின்றன, உள்ளே ஒன்றுமில்லை. பணமுடையில் சிக்கிய நிலவுடைமையாளர் ஒருவரின் விளைச்சலைப் பயிராக நிற்கும்போதே பாதி விலைக்கு வாங்கும்படி டோனி தூண்டுகிறாள். பாட்டனார் செய்யாத வாணிகம் அது. தயங்கித் தயங்கி அதனைச் செய்கிறான். 1868 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவன்று, வாழ்த்தொலிகளுக்கும் வாத்திய முழக்கத்துக்கும் நடுவே ஒரு தந்தி வருகின்றது. ஆலங்கட்டி மழையில் பயிர் முழுதும் அழிந்துவிட்டது.

தம்பி கிறிஸ்ரியன் வேலைக்குதவாதவன். நாடகக் கொட்டகையும் நகைச்சுவைக் கதையும் தன் உடம்பின் நோவுகளைப் பற்றிய ஓயாத பேச்சுமே அவன் வாழ்க்கை. தாய் இறந்துகிடக்கும் வீட்டில் வெள்ளிப் பாத்திரங்களையும் துணிமணிகளையும் பங்கிடும்போது சகோதரர் இருவரும் மோதிக்கொள்கின்றனர். நான் இன்றிருக்கும் நிலைக்கு ஆளானதே உன்னைப்போல் ஆகிவிடக்கூடாது என்பதனால்தான் என்ற பொருள்படத் தோமஸ் பேசும் இடம் நூலின் கசப்பான உச்சம். தம்பியை அவன் வெறுப்பதற்குக் காரணம், தம்பியின் தளர்ச்சி தன்னுள்ளேயும் இருப்பதை அவன் அறிந்திருப்பதே. சரியோ பிழையோ, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லவேண்டிய அவ்வறையில் எவரும் எவருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

அன்புக்குரியோர் இல்லாத குடும்பக் கதைகள் அக்காலத்து ஐரோப்பாவில் வேறும் உண்டு. உருசிய நாட்டுச் சல்திக்கோவ் செட்றின் 1880 ஆம் ஆண்டு நூலுருவில் வெளியிட்ட கொலொவ்லியோவ் குடும்பத்தின் கதை இதனினும் இருண்டது. அங்கே மகனுக்கு வீட்டார் இட்ட பட்டப்பெயரே யூதாஸ். ஆங்கிலேயராகிய கால்ஸ்வேர்தி 1906 ஆம் ஆண்டில் தொடங்கிய போர்சைற்றுக் குடும்பக் கதை, மனைவியையும் உடைமையாக எண்ணும் சோம்ஸ் என்பவனைச் சாடுவதற்காகப் பிறந்தது. பாகங்கள் பெருகப் பெருக ஆசிரியருக்கே அவன்மேல் கனிவு பிறந்துவிட்டது. மான் செட்றினைப்போல் சாடவும் இல்லை. கால்ஸ்வேர்தியைப்போல் கனியவும் இல்லை. அவர் கைக்கொண்டது, வணிகர் பேரேட்டில் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதும் முறை. அதனாலேயே இந்நூலில் சிரிப்புக்கும் இடம் இருக்கின்றது. 1848 ஆம் ஆண்டுக் கலகத்தின்போது நகரசபையைச் சூழ்ந்த தொழிலாளர் குடியரசு வேண்டும் என்கின்றனர். ஏற்கெனவே இது குடியரசுதானே என்கிறார் டோனியின் தந்தை. அப்படியானால் இன்னொன்று வேண்டும் என்று பதில் வருகின்றது. அந்தச் சிரிப்பு அடங்குமுன்னரே, தெருவில் வந்த ஒரு சிறு கல்லினால் அதிர்ச்சியுற்ற டோனியின் தாய்வழிப் பாட்டனார் வண்டிக்குள்ளே உயிர் விடுகிறார்.

நான்காம் தலைமுறை ஹன்னோ என்னும் ஒரே சிறுவன். இசையைத் தவிர வேறெதிலும் பற்றில்லாதவன். ஒரு நாள் குடும்பக் குறிப்பேட்டைத் திறந்து, தன் பெயரின் கீழே அழகாக இரட்டைக் கோடு இழுத்துவிடுகின்றான். கணக்கு முடிந்ததற்கு அடையாளமாக வணிகர் இழுக்கும் கோடு அது. தந்தை கோபத்துடன் வினவியபோது, இதற்குப் பிறகு ஒன்றும் வராது என்று எண்ணினேன் எனத் தடுமாறிச் சொல்கின்றான். தந்தை 1875 ஆம் ஆண்டில், பல் மருத்துவரிடமிருந்து வீடு திரும்பும் வழியில் தெருச் சேற்றில் விழுந்து மாள்கிறார். நிறுவனம் கலைக்கப்படுகின்றது. 1877 இல் ஹன்னோவும் நெருப்புக்காய்ச்சலால் இறக்கின்றான். அவன் பெயரைச் சொல்லாமலே, அந்நோயின் போக்கை மருத்துவ நூலின் வறண்ட நடையில் விவரிக்கிறார் மான். நேசிக்கத்தக்கவர் யார் என்று தேடிவந்த வாசகர் இங்கே ஒருவனைக் காண்கிறார். அவனுக்கோ உலகில் இருக்க விருப்பமில்லை.

நூல் வெளிவந்த பின்னர் நகரம் சும்மா இருக்கவில்லை. 1905 ஆம் ஆண்டு லூபெக்கில் வேறொரு நாவலைப் பற்றிய அவதூறு வழக்கு நடந்தபோது, உண்மை மனிதரைத் தூற்றும் நூல்களுக்கு எடுத்துக்காட்டாக வழக்கறிஞர் ஒருவர் மானின் நாவலையும் இழுத்தார். அதற்கு மறுமொழியாக மான் 1906 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியுலகிலிருந்து எழுத்தாளன் எடுத்துக்கொள்வது தோற்றத்தை மாத்திரமே. அதற்குள் ஊட்டப்படும் உயிர் அவனுடையது. ஆகவே அவன் தன்னையே தண்டித்துக்கொள்கின்றான் என்பது அவர் வாதம். அழகிய வாதம்தான். ஆயினும், கிறிஸ்ரியனுக்கு முன்மாதிரி என்று எல்லோராலும் சுட்டப்பட்ட அவருடைய சிறிய தந்தை பிரீட்றிச் மானுக்கு அதனால் எவ்வித ஆறுதலும் கிட்டியிராது. 1913 ஆம் ஆண்டு அவர் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வெளியிட்டு, தம் மருமகனின் நூலினால் தமக்கு நேர்ந்த தொல்லைகளை முறையிட்டார். தன் கூட்டைத் தானே அசுத்தம் செய்யும் பறவைக்கு மானை ஒப்பிட்டார். அக்கிழவரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தெருவில் நடக்கும்போது பிறர் கண்ணில் தாம் தாமாக இல்லாமல் ஒரு பாத்திரமாக இருப்பதன் வேதனை எந்தக் கட்டுரையாலும் தீர்வதன்று.

1929 ஆம் ஆண்டு மானுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது, முதன்மையாக இந்நாவலே குறிப்பிடப்பட்டது. அதனையொட்டி வந்த மூன்று மார்க்குக்கும் குறைந்த விலைப் பதிப்பு பத்து இலட்சம் வரை பரவியது. 1933 இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் மான் நாட்டுக்கு வெளியே தங்கிவிட்டார். 1936 இல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. போர்க் காலத்தில் அவர் அமெரிக்காவிலிருந்தபடி, பீ.பீ.சீ. நிலையத்தின் வாயிலாக ஜேர்மன் மக்களுக்கு 50 க்கு மேற்பட்ட வானொலிப் பேச்சுகள் நிகழ்த்தினார். கலிபோர்னியாவில் இசைத்தட்டிற் பதிவு செய்யப்பட்ட குரல் நியூயோர்க்குக்குச் சென்று, அங்கிருந்து தொலைபேசி வழியே லண்டனை அடைந்து, மறைவாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் ஒலித்தது.

1942 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் லூபெக் நகரத்தின்மேல் குண்டு பொழிந்தன. அவருடைய பாட்டனாரின் இல்லமாகிய மெங் வீதி 4 ஆம் இலக்க வீடு, நாவலின் விருந்து நடைபெற்ற அதே வீடு, முகப்புச் சுவர் மட்டும் எஞ்ச எரிந்தது. அடுத்த மாதத்துப் பேச்சில் மான் அதனைக் குறிப்பிட்டார். தம் பிறந்த நகரத்துக்கு நேர்ந்ததை எண்ண அவருக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் ஜேர்மன் குண்டுகளால் அழிந்த கொவென்றி நகரத்தை எண்ணுவதாகவும், எல்லாவற்றுக்கும் விலை செலுத்தியே ஆகவேண்டும் என்ற பாடத்தை மறுப்பதற்கில்லை என்றும் சொன்னார். தானிய வணிகரின் பேரன் பேசிய பேச்சு அது. அந்நகரத்தார் பலர் அதனை நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

1955 ஆம் ஆண்டு மே மாதத்தில் லூபெக் நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் என்ற பட்டத்தை அளித்தது. நகர மண்டபத்தில் அதனை ஏற்றுக்கொண்டபோது, அங்கே செனற்றராக வீற்றிருந்த தந்தையை நினைவுகூர்ந்தார். மூன்று மாதத்தில், ஓகஸ்ட் 12 ஆம் திகதி, சூரிச் நகரத்தில் காலமானார். மெங் வீதியில் எஞ்சிய முகப்புக்குப் பின்னே புதிய கட்டடம் எழுந்தது. அதனுள்ளே முதலில் ஒரு வங்கி குடியேறியது. 1993 ஆம் ஆண்டில்தான் அது மான் குடும்பத்தாரின் நினைவகமாகத் திறக்கப்பட்டது. நாவலிலே இல்லாத குடும்பமொன்றைத் தேடி வருவோரும், உண்மையிலே இல்லாத குடும்பமொன்றைத் தேடி வருவோரும் ஒரே வாயிலால் அதனுள் நுழைந்தனர்.